மருந்தடிக்காமல் ஜெயித்த பப்பாளி: இரண்டு நாடுகள், ஒரு குட்டிக் குளவி

போன சித்திரையில் ஒரு நாள் காலை போன் வந்தது. ரெட்டியார்சத்திரம் பக்கத்துத் தம்பி ஒருவர். இயற்கை விவசாயத்துக்கு வந்து இரண்டு வருசம்தான் ஆகிறது. ஒரு ஏக்கரில் பப்பாளி போட்டிருக்கிறார்.

“அண்ணே, இலைக்கு அடியில வெள்ளை வெள்ளையா பஞ்சு மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கு. காய்லயும் ஏறிருச்சு. மருந்துக்கடையில கேட்டேன், ஒரு மருந்து எழுதிக் குடுத்திருக்காக. இந்த ஒரு தடவை மட்டும் அடிச்சுக்கிறவாண்ணே?”

‘இந்த ஒரு தடவை மட்டும்.’ இதே வார்த்தையை 2009-ல் நானும் சொல்லியிருக்கிறேன். அதனால் கோபம் வரவில்லை. “அடிக்காத தம்பி. நான் வந்து பாத்துட்டுச் சொல்றேன்” என்று சொல்லிவிட்டு, பையில் லென்ஸை எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

தோட்டத்தில் நாற்பது ஐம்பது மரங்களில் மாவுப்பூச்சி இருந்தது. ஒன்றை விரலால் நசுக்கினேன். மஞ்சள் நிறத்தில் நீர் வந்தது. பப்பாளி மாவுப்பூச்சிதான், சந்தேகமில்லை. பிறகு அந்த வெள்ளைக் கூட்டத்துக்குள் லென்ஸை வைத்துப் பொறுமையாகத் தேடினேன். பத்து நிமிசத்தில் நான் தேடியது கிடைத்தது. சில பூச்சிகள் உப்பி, பழுப்பாக, கெட்டித்துப்போய்க் கிடந்தன. அதில் இரண்டின் முதுகில் ஊசி குத்தியது மாதிரி வட்டமாக ஒரு ஓட்டை.

“தம்பி, உனக்கு முன்னாடியே வைத்தியர் வந்துட்டாரு. நீ மருந்தடிச்சா முதல்ல சாகுறது அவருதான்” என்றேன்.

அந்த வைத்தியர் எங்கிருந்து வந்தார், யார் கூட்டிவந்தார்கள் என்ற கதையைத்தான் அன்று வரப்பில் உட்கார்ந்து அவருக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன். இரு நாட்டு அறிவியல் ஒத்துழைப்பு என்றால் கோட்டு சூட்டுப் போட்டவர்கள் கைகுலுக்கும் போட்டோதான் நம் நினைவுக்கு வரும். இந்த ஒத்துழைப்பு நம் பப்பாளி இலைக்கு அடியில் நடக்கிறது.

நான் தோற்ற கதை

பப்பாளி மாவுப்பூச்சியின் சொந்த ஊர் மெக்சிகோவும் அதை ஒட்டிய மத்திய அமெரிக்க நாடுகளும். அங்கே அது பெரிய தொந்தரவு கிடையாது. 1990-களில் கரீபியன் தீவுகளுக்குப் பரவியது. 1998-ல் அமெரிக்காவின் புளோரிடா, 2002-ல் பசிபிக்கில் உள்ள குவாம் தீவு, 2008-ல் இலங்கை, அதே ஆண்டு கோயம்புத்தூர். காயோடும் செடியோடும் கப்பலிலும் விமானத்திலும் ஒட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். அடுத்த ஒன்றரை வருசத்தில் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த பெயராகிவிட்டது.

பப்பாளி மட்டும் என்றால் பரவாயில்லை. மல்பெரி, மரவள்ளி, பருத்தி, கத்தரி, செம்பருத்தி, தேக்கு, வேலியில் நிற்கும் துத்தி, தரிசில் நிற்கும் பார்த்தீனியம் என்று எல்லாவற்றிலும் ஏறியது. பட்டுப்புழு வளர்த்தவர்கள் மல்பெரித் தோட்டத்தையே அழித்தார்கள். பூச்சி விழுந்த இலையைப் புழுவுக்குப் போட முடியாது. மருந்தடித்த இலையையும் போட முடியாது. பாவம், அவர்கள் என்னதான் செய்வார்கள்?

அப்போது நான் ரசாயன விவசாயிதான். முக்கால் ஏக்கர் பப்பாளி. கடையில் எழுதிக் கொடுத்ததை அடித்தேன். கேட்கவில்லை. அடுத்த வாரம் வேறொன்று. அதற்கும் கேட்கவில்லை. பிறகு இரண்டையும் கலந்து அடித்தேன். ஏன் கேட்கவில்லை என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. இந்தப் பூச்சி உடம்பு மேல் மெழுகுப் பொடி பூசிக்கொள்கிறது. மருந்து உள்ளே இறங்குவதில்லை. முட்டைகளைப் பஞ்சுப் பையில் வைக்கிறது. ஒரு தாய் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். அங்கங்கே தப்பித்த பத்துப் பூச்சி போதும், அடுத்த மாதமே பழைய கணக்குக்கு வந்துவிடும். மருந்தில் செத்தது பொறிவண்டும் சிலந்தியும்தான். மரத்தை வெட்டி வரப்போரம் போட்டுத் தீ வைத்தேன். அந்த வருசக் கடன் அடைய மூன்று வருசம் ஆனது.

சொந்த ஊரில் யார் அடக்கி வைத்தது?

கோவையில் இந்தப் பூச்சியை 2008 ஜூலையில் பார்த்தவுடன் அடையாளம் கண்டவர்களில் ஒருவர் முனைவர் முனியப்பன். தமிழர். பல ஆண்டுகள் குவாம் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிவிட்டு, அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மைக் கூட்டாய்வுத் திட்டத்தை நடத்திக்கொண்டிருந்தார். குவாமில் இதே பூச்சியை அடக்கிய வேலையில் அவருக்கும் பங்கு உண்டு. அந்த அமெரிக்கத் திட்டத்தில் நம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் ஒரு கூட்டாளி. அதனால் சரியான ஆள் சரியான நேரத்தில் சரியான தோட்டத்தில் நின்றார்.

அவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது. மெக்சிகோவில் இந்தப் பூச்சி ஏன் ஆட்டம் போடவில்லை? அங்கே அதைத் தின்று அடக்கி வைக்கிற எதிரி உண்டு. இங்கே பூச்சி மட்டும் வந்தது, எதிரி வரவில்லை. அப்படியானால் எதிரியையும் கூட்டிவர வேண்டும்.

அந்த எதிரி ஒரு குளவி. பெயர் ‘அசிரோபேகஸ் பப்பாயே’. குளவி என்றதும் பயப்பட வேண்டாம். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. எள்ளில் கால்வாசிதான் இருக்கும். மனுசரைக் கொட்டாது. தாய்க்குளவி மாவுப்பூச்சிக் குஞ்சின் உடம்புக்குள் முட்டையிடும். முட்டை பொரித்து வரும் புழு உள்ளேயே இருந்து பூச்சியைத் தின்று வளரும். பூச்சி உப்பி, கெட்டியாகி, செத்த கூடாக நிற்கும். இதை ஆய்வாளர்கள் ‘மம்மி’ என்கிறார்கள். சுமார் இரண்டு வாரத்தில் முதுகில் வட்டமாக ஓட்டை போட்டுக்கொண்டு புதுக் குளவி வெளியே வரும். தம்பி தோட்டத்தில் நான் லென்ஸ் வைத்துத் தேடியது அந்த ஓட்டையைத்தான்.

இந்தக் குளவியையும் அதன் கூட்டாளிகள் இரண்டையும் அமெரிக்க வேளாண் துறை புவேர்ட்டோ ரிக்கோ தீவில் ஆய்வகம் வைத்து வளர்த்து வந்தது. இலங்கை அதை 2009-லேயே வாங்கி விட்டுவிட்டது. நமக்கு 2010 ஜூலையில் பெங்களூருக்கு வந்து சேர்ந்தது. பூச்சிகளுக்கென்றே அங்கே இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய நிறுவனம் ஒன்று இருக்கிறது. குளவியை அங்கே தனிமைப்படுத்தி வைத்து, நம் ஊர் நல்ல பூச்சிகளைத் தொடுகிறதா என்று சோதித்த பிறகுதான் வெளியே விட்டார்கள். அந்த வருசக் கடைசியிலிருந்து தமிழ்நாட்டில் பல மாவட்டங்களுக்கும் போனது.

பெருக்கிய விதம் நம் வீட்டு வேலை மாதிரிதான். உருளைக்கிழங்கை இருட்டில் முளைக்க வைத்து, முளையில் மாவுப்பூச்சியை ஏற்றி, பூச்சி பெருகியதும் குளவியை உள்ளே விடுவது. கோடிக்கணக்கில் எந்திரம் எதுவும் வேண்டியதில்லை. பல்கலைக்கழகமும் வேளாண் துறையும் கொடுத்த சின்ன டப்பாவில் கொஞ்சம் குளவி. தோட்டத்தில் மூடியைத் திறந்தால் முடிந்தது. சில மாதங்களில் பூச்சி அடங்கியது. இந்த வேலையால் இந்திய உழவருக்கு ஐந்து ஆண்டில் கிடைத்த பலன் 50 கோடி டாலருக்கு மேல் என்று வர்ஜீனியா டெக் பொருளியலாளர்கள் 2014-ல் கணக்குப் போட்டார்கள். அது குறைந்தபட்சக் கணக்கு.

என் மரங்களை நான் எரித்தது 2010 தொடக்கத்தில். இன்னும் ஒரு வருசம் பொறுத்திருந்தால் எரித்திருக்க வேண்டியதில்லை. அந்த நெருப்புதான் என்னை இயற்கை விவசாயத்துக்குத் தள்ளியது.

தாத்தா காலத்துச் சப்பாத்திக்கள்ளி

“வெளிநாட்டுப் பூச்சியக் கொண்டாந்து நம்ம காட்டுல விடுறது சரியாண்ணே? நாளைக்கு அது நம்மளையே திங்காதா?” என்று தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. பதிலுக்கு அவர் தோட்டத்து மேட்டில் நின்ற சப்பாத்திக்கள்ளியைக் காட்டினேன். அதன் மடலில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தது. நசுக்கச் சொன்னேன். விரல் ரத்தமாகச் சிவந்தது. தம்பி பதறிவிட்டார்.

இந்தச் சிவப்பிலும் ஒரு கதை இருக்கிறது. கள்ளியும் நம் ஊர்ச் செடி கிடையாது, அமெரிக்கக் கண்டத்துச் செடி. துணிக்குச் சிவப்புச் சாயம் எடுக்கிற பூச்சியை வளர்க்க ஆசைப்பட்ட கிழக்கிந்தியக் கம்பெனி, 1795-ல் பிரேசிலில் இருந்து பூச்சியைக் கொண்டுவந்தது. வந்தது தப்பான இனம். நல்ல சாயம் கொடுக்கவில்லை. கள்ளியைத் தின்று தீர்த்தது. சாயத்துக்குத் தோற்ற பூச்சி களையெடுக்க உதவும் என்று அப்போதுதான் தெரிந்தது. 1860-களில் அதை இங்கிருந்து இலங்கைக்குக் கொண்டுபோய்க் கள்ளியை அடக்கினார்கள். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் பூச்சியைக் கொண்டுபோய்க் களையை அடக்கியதில் உலகத்திலேயே முதல் வெற்றி அது என்று பூச்சியியல் நூல்கள் சொல்கின்றன.

அந்தப் பூச்சி தொடாத வேறொரு வகைக் கள்ளி தென்மாவட்டங்களில் மேய்ச்சல் நிலத்தையும் பாதையையும் அடைத்துக்கொண்டு நின்றது. அதற்கான பூச்சியை ஆஸ்திரேலியாவிலிருந்து இலங்கை வாங்கியது. இலங்கையிடமிருந்து 1926-ல் திருநெல்வேலிக்கு வந்தது. அறுபது வருசத்துக்கு முன்னால் நாம் கொடுத்தோம், பிறகு அவர்கள் கொடுத்தார்கள். மொய் எழுதுகிற மாதிரிதான். இன்று திண்டுக்கல் கரட்டில் கள்ளி அங்கங்கே ஒன்றிரண்டு நிற்கிறதே தவிரக் காடாக மண்டவில்லை என்றால், அதற்கு இந்தப் பஞ்சுப் பூச்சியும் காரணம்.

எல்லாப் பூச்சி மாற்றமும் நல்லதில் முடிந்தது என்று சொல்ல மாட்டேன். கரும்பில் வண்டைத் தின்னட்டும் என்று 1935-ல் ஆஸ்திரேலியாவில் ஒரு தேரையைக் கொண்டுவந்து விட்டார்கள். அது கரும்பு வண்டை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் தின்று, இன்றுவரை அந்த நாட்டுக்குத் தலைவலியாக இருக்கிறது. வித்தியாசம் எங்கே என்றால், தேரை வாயில் விழுந்ததையெல்லாம் தின்னும். பப்பாளிக் குளவிக்கு மாவுப்பூச்சி உடம்பே வீடு. வேறு வீட்டில் குடியிருக்கத் தெரியாது. அதனால்தான் தனிமைச் சோதனை முக்கியம். நம் இயக்கம் கேட்க வேண்டியதும் இதைத்தான்: வருகிற உயிர் எதை மட்டும் தின்னும், யார் சோதித்தார்கள், எத்தனை நாள் சோதித்தார்கள்? வெளிநாடு என்பதற்காகவே வரவேற்கவும் வேண்டாம், வெளிநாடு என்பதற்காகவே விரட்டவும் வேண்டாம்.

மரவள்ளிக்கு ஆப்பிரிக்கா கொடுத்தது

அண்மையில் இன்னொன்றும் நடந்தது. 2020-ல் கேரளத்தில் மரவள்ளி மாவுப்பூச்சி தென்பட்டது. இது வேறு இனம். சீக்கிரமே சேலம், நாமக்கல் பக்கம் மரவள்ளிக் காடுகளில் குருத்து சுருண்டு நின்றது. இதற்கு முன் இதே பூச்சி 1970-களில் ஆப்பிரிக்காவையே பட்டினிக்குப் பக்கத்தில் கொண்டுபோனது. ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிட்சர்லாந்து ஆய்வாளரும் அவர் கூட்டாளிகளும் தென்னமெரிக்காவின் பராகுவே நாட்டில் எதிரிக் குளவியைத் தேடி எடுத்து, 1981 முதல் ஆப்பிரிக்காவில் விட்டார்கள். அந்த வேலைக்காக ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

நமக்கு அந்தக் குளவி, மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள பெனின் நாட்டிலிருந்து 2021-ல் பெங்களூர் வந்தது. 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் முதலில் விட்டார்கள். பெனின் நம்மைவிட ரொம்பச் சின்ன நாடு. பணக்கார நாடு கொடுக்கும், ஏழை நாடு வாங்கும் என்று நினைக்கிறோமே, இந்த விசயத்தில் அது தப்பு. யார் முதலில் அடி வாங்கித் தேறினார்களோ அவர்கள்தான் அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்க முடியும்.

ஒப்பந்தம் வந்தால் என்ன கேட்கலாம்?

தம்பி ஊர் ரெட்டியார்சத்திரம் என்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். அங்கேயே இந்திய–இஸ்ரேல் கூட்டுத் திட்டத்தில் அமைந்த காய்கறி மகத்துவ மையம் இருக்கிறது. குழித்தட்டு நாற்று, நிழல்வலைக் குடில், பசுமைக்குடில், சொட்டுநீர் என்று பார்க்கவும் படிக்கவும் நிறைய உண்டு. சொட்டுநீரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. குடகனாறு காய்ந்து கிடக்கிற மாவட்டத்தில் அதனால்தான் பல தோட்டம் பிழைத்து நிற்கிறது. நானும் போட்டிருக்கிறேன்.

ஆனால் இரண்டு வகை அறிவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பசுமைக்குடிலின் பாலித்தீன் விரிப்பு சில வருசத்தில் கிழியும், மறுபடி வாங்க வேண்டும். நீரில் கரையும் உரம் முடியும், மறுபடி வாங்க வேண்டும். மானியம் இருக்கும் வரை ஓடும் வண்டி பிறகு ஓடுமா என்பது அவரவர் கையிருப்பைப் பொறுத்தது. குளவி அப்படி இல்லை. ஒருமுறை வந்தது, தானே பெருகியது, தானே பக்கத்து ஊருக்குப் போனது. அதைப் பாக்கெட்டில் போட்டு வருசா வருசம் விற்க யாராலும் முடியவில்லை. தரிசு வைத்திருப்பவனுக்கும் வேலை செய்கிறது, தோட்டம் வைத்திருப்பவனுக்கும் வேலை செய்கிறது.

ஆகவே எந்த நாட்டோடு எந்த ஒப்பந்தம் வந்தாலும், கிராம சபையிலோ உழவர் குறைதீர் கூட்டத்திலோ நாம் எழுந்து கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ‘இதை நாங்கள் ஒருமுறை வாங்கினால் போதுமா, ஒவ்வொரு பட்டத்துக்கும் வாங்க வேண்டுமா?’

நம் பங்கு

ஒப்பந்தத்தில் இரண்டு அரசுகள் கையெழுத்துப் போடும். மூன்றாவது கையெழுத்து நம்முடையது. நாம் மருந்துத் தெளிப்பானைத் தூக்கினால், பத்தாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வந்த உதவி பத்து நிமிசத்தில் செத்துப்போகும். தம்பிக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

மாவுப்பூச்சியைப் பார்த்ததும் முதல் வேலை லென்ஸில் பார்ப்பது. உப்பிய பழுப்புக் கூடும் வட்ட ஓட்டையும் தெரிந்தால் குளவி வந்துவிட்டது. கையைக் கட்டிக்கொண்டு நிற்கலாம்.

எறும்பைக் கவனியுங்கள். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும், குளவியை அண்ட விடாது. அடிமரத்தில் எறும்பு ஏறும் வழியைத் தடுங்கள். தரையைத் தொடும் இலைகளைக் கழியுங்கள்.

ரொம்ப மோசமான இடத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடியுங்கள். மம்மி இருக்கும் இலையை மட்டும் எரிக்காதீர்கள். குளவி இல்லாத மரத்தில் கொண்டுபோய்க் கட்டிவிடுங்கள். அக்கம்பக்கத்துத் தோட்டத்துக்கும் கொடுக்கலாம்.

இன்னொன்று, நம்மவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. இஞ்சி, பூண்டு, மிளகாய்க் கரைசலும் அக்னி அஸ்திரமும் நம் கையால் செய்தவைதான். அதற்காக நல்ல பூச்சி எது, கெட்ட பூச்சி எது என்று அவற்றுக்குத் தெரியும் என்று நினைத்துவிட முடியாது. குளவி வேலை செய்யும்போது எதையுமே அடிக்காமல் இருப்பதுதான் நல்லது.

கடைசியாக, பூச்சி முழுசாக ஒழிய வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். முழுசாக ஒழிந்தால் குளவியும் பட்டினியில் போய்விடும். அடுத்த தடவை பூச்சி வரும்போது வைத்தியர் இருக்க மாட்டார். வேலியோரத் துத்தியில் கொஞ்சம் மாவுப்பூச்சி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

தம்பி அன்று ராத்திரி தூங்கியிருக்க மாட்டார். கடையில் எழுதிய சீட்டு சட்டைப்பையில்தான் இருந்தது. முதல் வாரம் தினமும் போன். “இன்னும் அப்படியேதான்ணே இருக்கு.” பொறு என்றேன். இரண்டாவது வாரம், “கூடின மாதிரியும் இல்ல, குறைஞ்ச மாதிரியும் இல்ல.” அப்போதும் பொறு என்றேன். உள்ளுக்குள் எனக்கும் கொஞ்சம் பயம்தான். ஒரு ஏக்கர் அவர் பிழைப்பு. ஆறாவது வாரம் போனபோது குருத்து சுத்தமாக வந்திருந்தது. கீழ் இலைகளில் பஞ்சு காய்ந்து உதிர்ந்து கிடந்தது. பதினோரு மரத்தில் காய் போனது. மிச்சம் மரங்கள் நின்றன.

லென்ஸை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன். இப்போது பக்கத்துத் தோட்டக்காரர்கள் மருந்துக்கடைக்குப் போகும் முன்னால் அவரிடம் போகிறார்களாம்.